மஹய்யாவ மயானத்தில் ஒரு தேயிலைத் துரை

கண்டி மாநகரின் வடபால், கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் சாலையை ஒட்டி அமைந்திருப்பது மஹய்யாவ. நகரின் தெருக்களைத் தூய்மையாக வைத்திருக்கும் மாநகரசபைத் தொழிலாளரின் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவது இப்பகுதியிலேதான். நகரின் பொது மயானமும் இங்கேயே உள்ளது. ஆசிரியத் தொழிலை ஏற்று நான் இவ்விடம் குடியேறிய காலந்தொட்டு, மாலை வேளைகளில் அம்மயானத்தின் வழியாக நடந்து வருவது என் வழக்கமாயிற்று. அங்கே ஒரு கல்லறையின் முன் நான் பலமுறை நின்றிருக்கிறேன். லூல்கந்துராத் தோட்டத்து ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1892ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் தமது 57ஆம் வயதில் மறைந்தார் என்றும், இத்தீவில் தேயிலை, சிங்கோனா ஆகிய இரு பயிர்த்தொழில்களுக்கும் முன்னோடியாக விளங்கியவர் அவரே என்றும் அக்கல் சொல்கிறது.

ஒரு முறை மேல்வகுப்பு மாணவர் சிலரை அவ்விடத்துக்கு அழைத்துச் சென்று, அப்பெருமகனின் வரலாற்றை எனக்குத் தெரிந்த அளவில் எடுத்துரைத்தேன். அவருடைய உடலைத் தோட்டத்திலிருந்து இவ்விடம் வரை தமிழ்த் தொழிலாளரே சுமந்து வந்தனர் என்று கூறி முடித்தபோது, ஒரு மாணவி எழுந்து, சுமந்து வந்த அவர்களுடைய கல்லறைகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. அன்று முதல் டெய்லரின் வரலாற்றை வேறு கண் கொண்டு படிக்கலானேன். அப்படிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

தச்சர் மகன்

ஜேம்ஸ் டெய்லர் 1835ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆம் நாள், ஸ்கொட்லாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள கின்காடின் மாவட்டத்தில் பிறந்தார். ஒக்கின்பிளே என்னும் சிற்றூருக்கு அண்மையில், மொண்பொட்டோ பண்ணையைச் சேர்ந்த மொஸ்பார்க் என்னும் குடிலே அவர் பிறந்த வீடு. தந்தை மைக்கல் டெய்லர், வண்டிச் சக்கரங்கள் செய்யும் தச்சர். ஆறு பிள்ளைகளுள் மூத்தவர் ஜேம்ஸ். ஒன்பது வயதிலே தாயை இழந்தார். தந்தை மறுமணம் செய்து கொண்டார். பதினான்கு வயதளவில் பள்ளியில் மாணவ ஆசிரியராக அமர்ந்து, இளையோருக்குப் பாடம் சொல்லித் தந்தார். எங்கள் தொழிலைச் சேர்ந்தவர் ஒருவரே பின்னர் தோட்டத்துரையானார் என்பது எனக்கு ஒரு சிறு வியப்பைத் தந்த செய்தி.

அக்காலத்து ஸ்கொட்லாந்தில் நிலமற்ற எளிய குடும்பத்து இளைஞர்களுக்கு வழிகள் மிகக் குறைவு. கல்வி இருந்தது, ஊரிலே பிழைப்பு இல்லை. ஆகவே அவர்கள் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இந்தியாவுக்கும் கப்பல் ஏறினர். தாய்வழி உறவினரான பீற்றர் மொயர் முன்னரே இலங்கைக்கு வந்து கோப்பித் தோட்டத்தில் பணியாற்றிக் கொண்டிருந்தார். அவ்வழியே ஜேம்ஸுக்கும் கதவு திறந்தது. ஆண்டுக்கு நூறு பவுண் ஊதியத்தில் மூன்று ஆண்டுகள் பணியாற்றுவதாக ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, 1851ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனில் கப்பல் ஏறினார். நான்கு மாதக் கடற்பயணத்தின் பின், 1852 பெப்ரவரியில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கினார். அப்போது அவருக்குப் பதினேழு வயது கூட நிரம்பவில்லை.

கொழும்பிலிருந்து கண்டிக்கும், கண்டியிலிருந்து ஹேவாஹெட்ட மலைக்கும் சென்றார். முதலில் நாரங்ஹேனா என்னும் தோட்டத்தில் ஆறு கிழமைகள் தொழில் பழகினார். பிறகு அதன் அயலிலுள்ள லூல்கந்துராவில் அமர்த்தப்பட்டார். அன்று தொட்டு நாற்பது ஆண்டுகள் அந்த மலையே அவருக்கு வீடாயிற்று. பிறந்த நாட்டுக்கு அவர் ஒருமுறையேனும் திரும்பிச் செல்லவில்லை. தந்தைக்கும் உறவினருக்கும் அவர் எழுதிய கடிதங்கள் மாத்திரம் கடல் கடந்து போயின. அவை இன்று எடின்பரோவில் ஸ்கொட்லாந்தின் தேசிய நூலகத்தில் பேணப்படுகின்றன. அக்கடிதங்களைத் துணைக்கொண்டு அஞ்ஜெலா மக்கார்த்தியும் டி. எம். டெவைனும் எழுதிய வாழ்க்கை வரலாறு 2017இல் வெளிவந்த பின்னரே, சிலையாக இருந்த டெய்லர் மனிதராக நமக்குத் தெரியவருகிறார்.

காடு எரிந்த மலை

டெய்லர் வந்து சேர்ந்த மலைநாடு எத்தகையது என்பதை இங்கே சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் கைப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமையை நிலைநாட்ட இயலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாக்கிற்று. ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங் என்ற விலைக்கு அவை விற்கப்பட்டன. 1844இல் அவ்விலை இருபது சிலிங்காக உயர்ந்தபோதும் வாங்குவோர் குறையவில்லை. மலைச்சரிவுகளில் கோடரி ஓசை எழுந்தது. வெட்டி வீழ்த்தப்பட்ட மரங்கள் காய்ந்தபின் தீயிடப்பட்டன. சாம்பல் படிந்த மண்ணில் கோப்பி நாற்றுகள் வரிசை வரிசையாக நடப்பட்டன.

காட்டை வெட்டிப் பயிர் செய்வதைக் கண்டி மக்கள் அறியாதவரல்லர். ஆனால் அவர்கள் வீட்டைச் சுற்றி வளர்த்த தோட்டம் வேறுவகை. உயரத்தே பலாவும் தென்னையும் கித்துளும் கமுகும். அவற்றின் கீழே மா, ஈரப்பலா, சாதிக்காய், கராம்பு. தண்டுகளைப் பற்றி ஏறும் மிளகும் வெற்றிலையும். அதற்கும் கீழே வாழை. நிலத்தோடு ஒட்டி இஞ்சியும் மஞ்சளும் வள்ளிக்கிழங்கும். மேலிருந்து பார்ப்பவனுக்கு அது காடு; உள்ளே குடியிருப்பவனுக்கு அதுவே களஞ்சியம். உதிர்ந்த இலையே அதற்கு எரு. மழைத்துளி மண்ணை அடையுமுன் பல தளங்களில் தட்டுப்பட்டுத் தன் வேகத்தை இழந்துவிடுவதால் மண் அரிக்கப்படுவதில்லை. 1660 முதல் 1679 வரை கண்டி மன்னனின் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், பலா இம்மக்களின் உணவில் எத்துணை பெரிய துணை என்பதைத் தமது நூலில் வியந்து பதிவு செய்துள்ளார். கோப்பியும் இத்தோட்டங்களுள் ஒரு செடியாகவே முதலில் இருந்தது. அதனைத் தனியே பிரித்தெடுத்து, மலை முழுவதும் ஒரே செடியாக நட்டதுதான் புதிய முறை.

டெய்லரின் இளமைக்காலப் பணி இம்முறையைச் சார்ந்ததே. காடு அழிப்பித்தல், பாதை வெட்டுவித்தல், நாற்று நடுவித்தல், லயங்களைக் கட்டுவித்தல், கூலிக் கணக்கு எழுதுதல் ஆகியன அவர் நாள்தோறும் ஆற்றிய கடமைகள். அவர் உடல்வலிமை மிக்கவர். விருந்து கேளிக்கைகளில் நாட்டமில்லாதவர். அயல் துரைமார் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் பொழுதுபோக்கச் சென்றபோது, அவர் தம் மலையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். 1857இல் தோட்டத்தின் உரிமை கைமாறியதும், அதன் முழுப் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது.

வறண்ட மண்ணிலிருந்து வந்தோர்

அந்த மலையில் கோடரி பிடித்த கைகள் யாருடையவை? புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்த தமிழர்களுடையவை. மழை பொய்த்தால் கண்மாய் வறண்டு, கண்மாய் வறண்டால் அடுப்பு அணைந்துபோகும் ஊர்கள் அவை. கங்காணி ஒருவன் ஊருக்குள் வந்து முன்பணம் தந்து ஆள் சேர்ப்பான். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டையும் தம்புள்ளையையும் மாத்தளையையும் கால்நடையாகக் கடந்து, அவர்கள் மலைநாட்டை அடைந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையாகி வழியிலேயே விழுந்தவர் பலர். அவர்களுக்கு அடையாளக் கல் எதுவும் இல்லை.

இங்கே ஓர் ஒப்புமை என் உள்ளத்தைத் தொடுகிறது. டெய்லரும் வறுமையினால் ஊரை விட்டவர். ஒப்பந்தத்துக்குத் தம்மை உட்படுத்திக் கொண்டவர். தமிழ்த் தொழிலாளியும் அவ்வாறே. ஆயினும் ஒப்புமை அவ்வளவோடு நின்றுவிடுகிறது. டெய்லரின் ஒப்பந்தம் மூன்று ஆண்டில் முடிந்தது. தொழிலாளியின் கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிற்று. கடனைத் தீர்த்தாலன்றி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற இயலாதபடி துண்டு என்னும் சீட்டு முறை அவனைப் பின்னாளில் கட்டிப்போட்டது. அது ஒழிக்கப்பட்டது 1921ஆம் ஆண்டிலேதான்.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். பசிக்கு அஞ்சி வறண்ட நிலத்தை விட்டு வந்தவர்கள், மழை ஓயாத பசுமலையை அடைந்தார்கள். அங்கே அவர்கள் உண்பதற்கு ஏற்றது எதுவும் விளையவில்லை. அவர்கள் உண்ட அரிசி கடல் கடந்து வந்தது. அதன் விலை சம்பளக் கணக்கில் கழிக்கப்பட்டது. கிழமைதோறும் அளந்து போடப்பட்ட அரிசியையே அவர்கள் நம்பியிருந்தனர். லயத்தின் பின்புறத்தில் கிடைத்த சிறு துண்டு நிலத்தில் அவர்கள் ஊன்றிய பூசணியும் அவரையும் மிளகாயும் வாழையுமே அம்மலையில் அவர்களுக்கென்று விளைந்த உணவு.

கோப்பியின் வீழ்ச்சியும் ஏழாம் நம்பர் மலையும்

டெய்லர் ஒரே பயிரை நம்பி அமர்ந்துவிடும் இயல்பினரல்லர். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக 1849 முதல் 1880 வரை இருந்தவர் துவைற்ஸ் என்னும் தாவர அறிஞர். தென்னமெரிக்க மலைகளிலிருந்து கொணரப்பட்ட சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்கென 1861இல் ஹக்கலைப் பூங்கா தொடங்கப்பட்டது. மலைக்காய்ச்சலுக்கு மருந்தான கொயினா இம்மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. துரைமார் பலர் அதனைப் பொருட்படுத்தாதிருந்த காலத்திலே டெய்லர் அதை லூல்கந்துராவில் நட்டு வெற்றி கண்டார்.

தேயிலை இந்நாட்டுக்கு அவர்தாம் முதன்முதலில் கொண்டுவந்தவர் என்று சிலர் எழுதுவது பிழை. அசாம் தேயிலை விதைகள் கல்கத்தாப் பூங்காவிலிருந்து 1839ஆம் ஆண்டின் இறுதியிலேயே பேராதனைக்கு வந்து சேர்ந்துவிட்டன. புசல்லாவைப் பகுதியில் வோம்ஸ் சகோதரர் சீனத் தேயிலையை 1841ஆம் ஆண்டளவில் நட்டுப் பார்த்தனர். ஆனால் அம்முயற்சிகள் தொழிலாக வளரவில்லை. டெய்லர் 1866ஆம் ஆண்டளவில் பேராதனையிலிருந்து பெற்ற விதைகளைப் பாதையோரங்களில் ஊன்றி, அச்செடி இம்மண்ணில் எவ்வாறு வளர்கிறது என்று கவனித்தார். அடுத்த ஆண்டு, 1867இல், அசாமிய இன விதைகளைத் தருவித்து, 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை நட்டார். ஏழாம் நம்பர் மலை என்று அழைக்கப்படுவது அந்நிலமே. கண்டிக்கு முதல் புகைவண்டி வந்து சேர்ந்ததும் அதே 1867ஆம் ஆண்டில்தான். கோப்பியை ஏற்றிச் செல்வதற்கென்றே போடப்பட்ட அப்பாதை, பின்னர் தேயிலைக்குப் பயன்பட்டது.

இரண்டே ஆண்டுகளில், 1869இல், மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொட்டுகள் காணப்பட்டன. ஒருவகைப் பூஞ்சணத்தால் வந்த நோய் அது. தொடக்கத்தில் அதனைப் பெரிதாக எண்ணியோர் சிலரே. கோப்பிப் பரப்பு 1878ஆம் ஆண்டளவில் 2,75,000 ஏக்கரைத் தொட்டது. அதன்பின் வீழ்ச்சி விரைந்து வந்தது. 1880இல் இங்கிலாந்திலிருந்து வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இரண்டாண்டு ஆராய்ந்து, நோயின் வித்துகள் காற்றில் பரவுவதையும், இடையில் மரம் எதுவுமின்றி மலைமலையாக ஒரே செடியை நட்டிருந்தமை அப்பரவலுக்கு வழிகோலியதையும் எடுத்துக் காட்டினார். காலம் கடந்துவிட்டது. 1884இல் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. தோட்டங்கள் மிகக் குறைந்த விலைக்குக் கைமாறின. துரைமார் பலர் நாட்டை விட்டகன்றனர். தென்னிந்தியாவை 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குத் தப்பி வந்த தொழிலாளரோ, இங்கும் வேலையற்று நின்றனர்.

அந்த இருள் சூழ்ந்த ஆண்டுகளில் வழிகாட்டியது லூல்கந்துரா. டெய்லர் தமது இல்லத்தின் தாழ்வாரத்தையே தொழிற்சாலையாக்கியிருந்தார். கொழுந்தை வாட்டி, மேசைமேல் வைத்துக் கையினாலும் முன்கையினாலும் உருட்டிச் சுருட்டி, களிமண் அடுப்புகளில் கரிநெருப்பின்மேல் கம்பிவலைத் தட்டுகளில் இட்டு உலர்த்தினார்கள். உருட்டிய கைகள் தொழிலாளருடையவை. பக்குவம் பார்த்த கண் டெய்லருடையது. அசாமிலும் கச்சாரிலும் தேயிலைத் தொழில் பழகிய சிலரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டு, தவறுகளைத் தாமே திருத்தி அவர் முன்னேறினார். தொடக்கத்தில் அத்தேயிலை கண்டியிலேயே விற்பனையாயிற்று. 1872இல் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. கொழுந்தை உருட்டுவதற்கு ஒரு பொறியையும் அவர் அமைத்தார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை லண்டன் சந்தையைச் சென்றடைந்தது. 1874இல் அவர் டார்ஜிலிங் சென்றார். நாற்பது ஆண்டுகளில் அவர் எடுத்துக் கொண்ட நீண்ட விடுமுறை அது ஒன்றே. அங்கும் தேயிலைத் தோட்டங்களையே பார்த்துத் திரும்பினார் என்றால், அவருடைய உள்ளம் எதில் தோய்ந்திருந்தது என்பது விளங்கும்.

தாம் கற்றதை அவர் மறைத்து வைக்கவில்லை. கோப்பி பட்டுப்போன தோட்டங்களின் துரைமார் அவரைத் தேடி வந்து விதையும் அறிவும் பெற்றுச் சென்றனர். அந்த நூற்றாண்டு முடியுமுன் தேயிலைப் பரப்பு மூன்று லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது.

தேயிலை செய்த மாற்றம்

கோப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் நன்கு மனங்கொள்ள வேண்டும். கோப்பி ஆண்டில் சில மாதங்களே பழம் தரும். பழம் பறிக்கும் பருவத்தில் வந்த தொழிலாளி, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பலாம். தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்க்கும். கிழமைக்கு ஒரு முறையேனும் அதே செடியில் கொழுந்து பறிக்க வேண்டும். அதற்குப் பெண்களின் விரல்கள் வேண்டும். ஆகவே குடும்பம் முழுவதும் மலையில் தங்கியது. பிள்ளைகள் லயத்தில் பிறந்தனர். பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துக் கூடை சுமந்து, கவ்வாத்து வெட்டி, அம்மலையிலேயே மாண்டனர். இந்நாட்டில் மலையகத் தமிழர் என்றொரு மக்கள் கூட்டம் நிலைகொண்டதற்கு, ஏழாம் நம்பர் மலையின் அந்த 19 ஏக்கர் ஒரு தொடக்கம் என்று சொல்வது மிகையாகாது.

இவ்வாறு நிலைகொண்ட மக்களை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. 1964இல் ஏற்பட்ட சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை, அவர்களுள் பல லட்சம் பேரை அவர்கள் காணாத ஊர்களுக்கு அனுப்ப வழி செய்தது. எஞ்சியோருக்கு உரிமை முழுமையாகக் கிடைக்க 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் டெய்லர் பொறுப்பாளியல்லர். ஆயினும் ஒரு செடியை நடுகிறவன் அதன் வேரெல்லாம் எங்கெங்கே செல்லும் என்று அறிவதில்லை என்பதற்கு அவருடைய வாழ்வு சான்று.

இறுதி நாட்கள்

புகழ் அவரைத் தேடி வந்தது. 1891இல் தோட்டத்துரைமார் சங்கத்தினர் நன்றி பாராட்டி, வெள்ளியாலான தேநீர்ப் பாத்திரத் தொகுதி ஒன்றை அவருக்கு அளித்தனர். ஆனால் அவர் ஆக்கிய தோட்டம் அவருடையதன்று. அவர் இறுதி வரை சம்பளத்துக்கு வேலை செய்தவரே. தேயிலையின் ஆதாயம் பெருகப் பெருக, சிறு தோட்டங்கள் பெரிய கம்பனிகளின் கைக்குச் சென்றன. கம்பனிகள் கணக்குப் புத்தகத்தைக் கொண்டு மனிதரை அளந்தன. 1892இல் டெய்லர் தோட்டத்தை விட்டு விலகியிருக்குமாறு பணிக்கப்பட்டார். அவர் இணங்கவில்லை. அவருக்கு வேறு வீடும் இல்லை; மனைவி மக்களும் இல்லை. அவ்வேளையில் வயிற்றுளைவு நோய் கண்டு, சில நாட்களில், மே மாதம் 2ஆம் நாள், லூல்கந்துராவிலேயே உயிர் துறந்தார்.

அவர் மிகப் பருத்த உடலினர். இருபத்து நான்கு தொழிலாளர், பன்னிருவராக இரு அணி பிரிந்து, நான்கு மைலுக்கு ஒரு முறை தோள் மாற்றி, அவ்வுடலைக் கண்டிக்குச் சுமந்து வந்தனர் என்பர். கங்காணிமாரும் தொழிலாளரும் பெட்டியின் பின்னே நடந்து வந்தனர் என்றும், அவர்கள் அவரைச் சாமி துரை என்று குறிப்பிட்டனர் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அன்பினால் சுமந்தனரா, கட்டளையினால் சுமந்தனரா என்று என் மாணவர் சிலர் வாதிட்டதுண்டு. இரண்டும் கலந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன். நாற்பது ஆண்டுகள் ஒரே மலையில் இருந்து, தம்முடைய பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் அறிந்திருந்த துரை ஒருவருக்காகத் தொழிலாளர் கண்ணீர் விட்டிருப்பின் அது வியப்பன்று. அத்துரையின் சொல்லுக்கு மறுசொல் கூற அவர்களுக்கு உரிமை இருந்ததில்லை என்பதும் உண்மை.

அந்த இருபத்து நால்வரின் பெயரை எந்த ஏடும் சொல்லவில்லை. அவர்கள் தோட்டத்துப் புதைகாட்டில் மண்ணோடு மண்ணாயினர். அவர்களின் மேல் இன்று தேயிலை நிற்கக் கூடும். மாணவியின் கேள்விக்கு நான் தேடிக் கண்ட விடை இதுவே.

கல்லறைக்கு அப்பால்

லூல்கந்துராவுக்கு ஒரு முறை போய் வந்தேன். டெய்லர் குடியிருந்த மரக்குடிலின் புகைபோக்கி அங்கே எஞ்சி நிற்கிறது. அவர் அமர்ந்து மலையை நோக்கியிருந்த கல்லாசனம் ஒன்றையும் காட்டுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் அழகு கண்ணைக் கவர்கிறது. அந்த அழகின் நடுவே உணவு தரும் மரத்தை என் கண் தேடிற்று. பள்ளத்தில் கிராமத்தாரின் வீடுகளைச் சூழ்ந்து மாத்திரம் பலாவும் கமுகும் கித்துளும் இருண்டு நின்றன. மேலே ஒரே செடியின் பரப்பு. கீழே பல மரங்களின் கூட்டுறவு. இரண்டையும் இதே மழைதான் நனைக்கிறது.

இத்தீவில் மறுபுறம் எண்ணிய பெருமக்களும் இருந்தனர். பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் அவர்களுள் ஒருவர். தாமே தோட்டச் சொந்தக்காரராக இருந்தும், 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின் போது சிறை புகுந்து மீண்டவர், நாட்டு மக்களின் பசிக்கு அரண் பலாமரமே என்று உணர்ந்து, ஊர் ஊராகப் பலாவை நடச் செய்யும் இயக்கத்தில் ஈடுபட்டார். 1960இல் மறைந்த அவரைச் சிங்கள மக்கள் கொஸ் மாமா, அதாவது பலாக்காய் மாமா, என்று அன்போடு அழைத்தனர். டெய்லர் நாட்டுக்குச் செல்வம் தரும் செடியை நட்டார். டயஸ் வீட்டுக்குச் சோறு தரும் மரத்தை நடச் சொன்னார். ஒரு நாட்டுக்கு இருவரும் வேண்டியவரே. ஆனால் பள்ளிப் பாடங்களில் முதல்வரை அறிந்த அளவுக்கு இரண்டாமவரை நம் பிள்ளைகள் அறிந்திலர்.

எங்கள் வீட்டின் பின்புறம் ஏழு பேர்ச் அளவில் ஒரு சரிவு நிலம் உண்டு. வீடு கட்ட வெட்டியபோது மேல்மண் போய்விட்டமையால், செம்பூரான் கல்லும் கட்டிக் களியும் மாத்திரமே அங்கு எஞ்சியிருந்தன. கோடையில் அது பாலைபோல் வெடித்துக் கிடக்கும். அங்கே எதுவும் முளைக்காது என்று கைவிட்டிருந்தேன். அயலில் வாழ்ந்த ஒரு சிங்களப் பெரியவர் வழி சொன்னார். சரிவுக்குக் குறுக்கே சிறு கான்களை வெட்டி மழைநீரைத் தேக்குமாறும், கிளிரிசிடியாக் கம்புகளை வேலியாக ஊன்றி, அவற்றின் தழையை வெட்டி வெட்டி மண்ணை மூடுமாறும், அந்நிழலில் முதலில் வாழையையும் பிறகு பலாவையும் நடுமாறும் பணித்தார். முதலாண்டில் வாழை கூட வெளிறி நின்றது. மூன்றாம் ஆண்டில் மண்ணைத் தோண்டினால் மண்புழு தென்பட்டது. இப்போது கிளிரிசிடியாவில் மிளகு ஏறியிருக்கிறது; அதன் அடியில் மஞ்சளும் இஞ்சியும் உள்ளன. பலா என் உயரத்தைக் கடந்து பல ஆண்டுகளாயின. வறண்ட மண்ணில் உணவு தரும் காட்டை எழுப்புதல் வித்தையன்று. நிழலும் தழையும் நீரும் பொறுமையும் சேர்ந்தால் மண் தானே திரும்பி வரும். எத்தனையோ லயங்களின் பின்னே கிடக்கும் துண்டு நிலங்களுக்கும் இவ்வழி பொருந்தும். அந்நிலம் தமக்கே சொந்தம் என்ற உறுதி அங்கே குடியிருப்போருக்குக் கிடைத்தால் போதும். பலா காய்க்க ஆண்டுகள் பல செல்லும். நாளை வெளியேற்றப்படலாம் என்று அஞ்சுகிறவன் பலா நடமாட்டான், பூசணியே நடுவான். நம் முன்னோர் ஏன் பூசணி நட்டனர் என்பதை என் தோட்டத்தில் நின்றபோதுதான் நான் விளங்கிக் கொண்டேன்.

கடந்த மே மாதத்தில் மாணவர்கள் மீண்டும் மஹய்யாவ மயானத்துக்குச் செல்ல விரும்பினர். டெய்லரின் கல்லறைமேல் மலர் வைப்பது தகுமா என்று அவர்களுக்குள் பேச்சு எழுந்தது. நான் தடுக்கவில்லை. அவர் உழைப்பாளி, தாம் பிறந்த மண்ணை மீண்டும் காணாமலே இறந்தவர். அவருக்கு ஒரு மலர் தகும். பின்னர் அவர்களை என் வீட்டுக்கு அழைத்து வந்து, பழுத்த பலாவின் கொட்டைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். பெயரறியாத இருபத்து நால்வரை நினைத்து, தத்தம் வீட்டருகே அவற்றை ஊன்றுமாறு சொன்னேன். முதலில் கேள்வி கேட்ட மாணவி இப்போது ஹேவாஹெட்டப் பகுதியில் ஆசிரியையாக இருக்கிறாள். அவளுக்கென ஒரு கொட்டையைத் தனியே எடுத்து, ஈர மணலில் இட்டு வைத்திருக்கிறேன். அடுத்த விடுமுறைக்கு அவள் வரும்போது அது முளைவிட்டிருக்கும்.